எறும்பு ஏறாத மேசை

அத்தியாயம் பதினொன்று

அண்ணன் தம்பி சண்டையில் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று ஊர் பல விதமாகப் பேசும். என்னைக் கேட்டால், அதிகம் கஷ்டப்பட்டது அந்த வீட்டுப் பசுமாடுதான்.

பொன்னுச்சாமியும் அவர் தம்பி கமலக்கண்ணனும் முகம் பார்த்துப் பேசி மூன்று வருஷம் ஆகிறது. அகரத்தில் இருவருக்கும் ஒரே வளவு. நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர், கடைசியில் பொதுவாக ஒரு தொழுவம். தம்பிக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் பொன்னுச்சாமி தொழுவத்துக்கு வந்து மாட்டைப் பார்த்துச் சொல்வார். "மேற்கால ஓடு ஒழுகுது, மழைக்கு முன்னாடி மாத்தணும்ல?" என்று மாட்டை விசாரிப்பார். மாடு அசைபோட்டபடி அவரையே பார்க்கும். சுவருக்கு இந்தப் பக்கம் கமலக்கண்ணன், ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடுவதாகத் தன் சட்டைப் பித்தானிடம் சொல்லுவான். இப்படியே குடும்பம் நடந்தது.

கிணற்றை ஆழப்படுத்தும்போது வந்த சண்டை அது. விவசாயம் தனக்குச் சரிப்படாது, பஸ் ஓட்டப் போகிறேன் என்று தம்பி தன் பங்கு நிலத்தை வெளியாளுக்குக் குத்தகைக்கு விட்டான். அண்ணன் ஆத்திரத்தில், "என் சாவுக்குக்கூட நீ வரப்படாது" என்று சொல்லிவிட்டார். சொல்ல ஒரு நிமிஷம்தான் ஆனது. சொன்னதை விழுங்கத்தான் அவருக்கு வழி தெரியவில்லை.

கமலக்கண்ணனின் மனைவி முனீஸ்வரியைச் சென்ற வாரம், முடியப்போகும் படத்தின் முன்னால் சிரித்த முகமாக விட்டுவிட்டு வந்தோம். அவள் சின்னாளபட்டிப் பெண். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டே வளர்ந்த விரல்கள். அந்த விரல்கள் இப்போது செத்த பட்டாம்பூச்சிகளின் சிறகுகளை ஒட்டிப் படம் செய்கின்றன.

அது ஆரம்பித்தது கமலக்கண்ணனின் பஸ்ஸால்தான். திண்டுக்கல்லில் இருந்து செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு போய் வருகிற பஸ். மழை விட்டதும் அந்தச் சாலையின் குறுக்கே பட்டாம்பூச்சிகள் கூட்டங்கூட்டமாகப் பறக்கும். சாயங்காலம் பார்த்தால் ரேடியேட்டர் சல்லடை முழுக்க ஒட்டிக் கிடக்கும். மற்ற டிரைவர்கள் விளக்குமாற்றால் தட்டிவிடுவார்கள். கமலக்கண்ணன் ஒரு நாள் நாலைந்தைப் பேப்பரில் மடித்துக்கொண்டு வந்து மனைவியிடம் நீட்டினான். மல்லிகைப்பூ வாங்கி வர மறந்ததால் வந்த யோசனை அது என்பது முனீஸ்வரியின் கட்சி.

அவற்றின் சிறகுகளை வேலம்பிசின் தொட்டு அட்டையில் ஒட்டி அவள் ஒரு மயில் செய்தாள். திண்டுக்கல்லில் பிரேம் கடை வைத்திருக்கும் மைதீன் பிச்சை அந்த மயிலைப் பார்த்தார். பிறகு அது தொழிலாகிவிட்டது. அவளுக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். உயிருள்ள பூச்சியைப் பிடிக்க மாட்டாள், பிறர் பிடித்துக் கொடுத்தாலும் வாங்க மாட்டாள். தானாகச் செத்து விழுந்ததைப் பொறுக்குவாள், அவ்வளவுதான். கொடைக்கானலில் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர் வலை வாங்கித் தருகிறேன், வேண்டிய மட்டும் பிடித்துச் செய்யுங்கள் என்றபோது, "அந்த வலைய வச்சுக் குடகனாத்துல மீனு பிடிங்க" என்று சொல்லி அனுப்பியவள் அவள்.

இப்போது அவள் மேசையில் இருப்பது திண்டுக்கல் மலைக்கோட்டை. கேட்டவர் துணி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு சேட்டு வீட்டம்மா. புதிதாகக் கட்டிய வீட்டின் மாடி ஜன்னலில் மலை தெரிகிறதாம், அதே மலை கூடத்துச் சுவரிலும் வேண்டுமாம். எறும்பை மிதித்துவிடக் கூடாதென்று தரையைப் பார்த்து நடக்கிற மனுஷி. பாதி முடிந்திருந்தபோது நேரில் வந்து, இந்தச் சிறகு எப்படி வந்தது, அந்தச் சிறகு எப்படி வந்தது என்று ஒவ்வொன்றாக விரலை நீட்டிக் கேட்டார். பஸ்ஸில் அடிபட்டது, மழையில் நனைந்து விழுந்தது என்று முனீஸ்வரி ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். "நீங்கள் கொல்லவில்லையே, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். நாளைக் காலை மைதீன் பிச்சை படத்தை எடுத்துப் போக வருகிறார்.

மலைக்குக் கறுப்பும் பழுப்புமான சிறகுகள் பஸ் புண்ணியத்தில் நிறையச் சேர்ந்துவிட்டன. போன மாதம் வரை வானத்துக்குத்தான் பஞ்சம். சாயங்கால வெயில் நேரத்து மஞ்சள் வானம் செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. "மலை இருக்கு, வானமில்லையே" என்று அவள் புருஷனிடம் சொல்லிக் குறைப்பட்டது சுவரைத் தாண்டி எப்படியோ அண்ணன் காதில் விழுந்திருக்கிறது.

மறுநாள் காலையில் பொன்னுச்சாமி தொழுவத்துக்குப் போகாமல் நேரே சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். கையில் அவருடைய பித்தளை வெற்றிலைப் பெட்டி. உள்ளே வெற்றிலைக்குப் பதில் மஞ்சள் மஞ்சளாகப் பட்டாம்பூச்சிகள்.

"தோட்டத்துல கெடந்துச்சுத்தா. ஒன்னையும் பிடிக்கல" என்றார்.

அது புரட்டாசிக் கடைசி. இன்றைக்கு ஐப்பசிக் கடைசி. தினமும் பெட்டி வருகிறது. வெற்றிலையை அவர் பிளாஸ்டிக் பையில் மடியில் கட்டிக்கொண்டு அலைகிறார். தம்பியோடு இன்னும் பேச்சு இல்லைதான். ஆனால் வாசல் வரை வந்துவிட்டார், ஒரு நாள் மோர்கூட வாங்கிக் குடித்தார். அன்று கமலக்கண்ணன் சுவரோரம் நின்று அண்ணன் குடித்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். முனீஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது.

இனி இன்றைய கதை.

வியாழக்கிழமை காலை. வானத்தின் கடைசி மூலையை முடிக்க அவள் உட்கார்ந்தபோது, மேசைக்காலில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

செத்த பூச்சியை வைத்துத் தொழில் செய்கிறவளுக்கு எறும்புதான் முதல் எதிரி. ஒரு ராத்திரி கண்ணசந்தால் உடம்பைத் தின்று சிறகை ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால்தான் மேசையின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்கச்சிகளில் நிறுத்தியிருந்தாள். குனிந்து பார்த்தாள். நாலும் காய்ந்து கிடந்தன. படம் செய்கிற மும்முரத்தில் தண்ணீர் ஊற்றி எத்தனை நாளாயிற்றோ.

மேசைமேல் புருஷன் பஸ்ஸில் இருந்து கொண்டு வந்தவை ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. எறும்பு வரிசை அதற்குள் போய் வந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே வெற்றிலைப் பெட்டி, மூடாமல். அதற்குப் பக்கத்தில் வந்த எறும்புகள் ஒதுங்கிச் சுற்றிப் போயின.

இது அவளுக்குப் புதிதல்ல. பத்து நாளுக்கு முன்பு பெட்டி ஒரு ராத்திரி தரையில் கிடந்தபோதே கவனித்திருக்கிறாள். அப்போது என்ன நினைத்தாள் என்பதுதான் வெட்கக்கேடு. கைராசி என்று நினைத்தாள். "பெரியத்தான் கொண்டு வர்றதுல எறும்பே அண்டல" என்று அவரிடமே சொன்னாள். அவருக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கு இன்னும் இரண்டு பிடி கூடுதலாகப் பொறுக்கி வந்தார்.

ஆனால் காய்ந்த கொட்டாங்கச்சியைப் பார்த்த கண்ணுக்கு இன்றைக்கு அது கைராசியாகத் தெரியவில்லை. பெட்டியைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனாள். அடியில் கடுகு சிந்தியது போலக் கறுப்பாக ஏதோ இருந்தது. முள்வாங்கியால் தள்ளிப் பார்த்தாள். எறும்புகள். எல்லாம் சுருண்டு செத்திருந்தன.

பிறகு பட்டாம்பூச்சிகளைப் பார்த்தாள், இத்தனை நாள் பார்க்காத மாதிரி. ஆயுசு முடிந்து விழுகிற பூச்சியின் சிறகு ஓரம் கிழிந்திருக்கும், நிறம் உதிர்ந்திருக்கும், நாக்கு சுருண்டு உள்ளே இருக்கும். இவற்றின் சிறகில் ஒரு கீறல் இல்லை. நாக்கு மட்டும் நூல் மாதிரி வெளியே தொங்கியது. இது எதுவும் அவளுக்குத் தெரியாததல்ல. வானம் வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

பெட்டியை மூடினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தாள்.

பொன்னுச்சாமியின் தோட்டத்தில் இந்தப் பருவத்துக்குச் செவ்வந்தி. எடுப்பாட்கள் பாத்திகளில் குனிந்து பூப்பறித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய மனைவி சுப்புத்தாய் வரப்பில் நின்று மேற்பார்வை பார்த்தாள். பொன்னுச்சாமி மோட்டார் ரிப்பேருக்காகத் தாடிக்கொம்பு வரை போயிருந்தார்.

வேம்படியில் சாக்கை விரித்து உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தவள் அவர்கள் மகள் பாண்டிச்செல்வி. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஏழாம் மாதம், அடுத்த வாரம் வளைகாப்பு. சும்மா உட்காரச் சொன்னால் கேட்கிற பெண்ணில்லை. நூலின் ஒரு முனையைப் பல்லில் கவ்விக்கொண்டு, மறுமுனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி, விரல் ஓடுவதே தெரியாமல் கட்டுவாள். இன்றைக்கு விரல் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடியது. காலையில் இருந்து தலைவலி, இரண்டு தடவை வாந்தி என்று சுப்புத்தாய் சொன்னாள். வயிற்றில் இருப்பது பெண்பிள்ளை, அதுதான் இப்படிப் படுத்துகிறது என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

முனீஸ்வரியின் கண் அங்கே இல்லை. வேப்பமரத்துக் கிளையில் மருந்தடிக்கிற கைப்பம்பு தொங்கியது. பக்கத்தில் போகும்போதே நெடி மூக்கில் ஏறியது.

"மருந்து எப்பக்கா அடிச்சீக?" என்று கேட்டாள்.

முந்தாநாள் சாயங்காலம் அடித்தது என்றாள் சுப்புத்தாய். வாரம் இரண்டு தடவை அடிக்கிறார்கள். பழைய மருந்துக்குப் புழு சாகவில்லை, புரட்டாசியில் இருந்து புது மருந்து. இப்போது பூவில் ஒரு ஓட்டை கிடையாது என்று சொல்லி ஒரு பூவைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

புரட்டாசியில் இருந்து. வெற்றிலைப் பெட்டி வர ஆரம்பித்ததும் புரட்டாசியில் இருந்துதான்.

அவள் பாத்திக்குள் இறங்கி நடந்தாள். செடி அடியில் ஈரமண்ணில் மஞ்சள் பட்டாம்பூச்சி ஒன்று படுத்திருந்தது. இன்னும் சாகவில்லை. சிறகு திறந்து மூடியது, திறந்து மூடியது. பறக்கிற நினைப்பில்தான் அது அடிக்கிறது, உடம்பு கேட்கவில்லை. முனீஸ்வரி பக்கத்தில் குத்தவைத்து அது ஓய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு பட்டாம்பூச்சி சாவதை அவள் பார்த்ததே இல்லை. செத்த பிறகுதான் அவள் கைக்கு வரும்.

கிளம்பும்போது பாண்டிச்செல்வி ஒரு முழம் பூவை நறுக்கி, "வச்சுக்கங்க சின்னம்மா" என்று நீட்டினாள். மீதியைத் தன் தலையில் சொருகிக்கொண்டாள். முனீஸ்வரி வாங்கிய பூவைத் தலையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு வீடு வந்து, சன்னல் கம்பியில் தொங்கவிட்டாள்.

கமலக்கண்ணனுக்கு இன்றைக்கு டூட்டி இல்லை. சோற்றுக்கு உட்கார்ந்திருந்தான். கத்தரிக்காய் வெஞ்சனத்தைப் போட்டுவிட்டு அவள் நடந்ததைச் சொன்னாள். பிசைந்த சோறு கையிலேயே இருந்தது.

"இத அண்ணங்கிட்டச் சொல்லப்போறியா?" என்றான் கடைசியில்.

சொல்லாமல் எப்படி என்று அவள் கேட்டாள். அவன் பேச ஆரம்பித்தான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை, இன்றைக்குப் பேசினான். மூன்று வருஷத்துக்குப் பிறகு அண்ணன் இந்த வாசலை மிதிப்பது அந்தப் பெட்டியால்தான். நீ கொண்டு வந்தது விஷம் என்று சொன்னால், தம்பி பெண்டாட்டியை விட்டுத் தன்னைக் கொலைகாரன் என்று சொல்லச் சொன்னான் என்றுதான் எடுத்துக்கொள்வார். அவருடைய ரோஷம் ஊருக்கே தெரியும். இன்னொரு தடவை போனால் திரும்பி வர மாட்டார். சேட்டம்மா சந்தோஷமாக மாட்டிக்கொள்ளட்டும், பெட்டியை நாளையில் இருந்து ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, "எம் பஸ்ஸு மட்டும் என்ன, பூவப் போட்டா கொல்லுது?" என்றான்.

"பஸ்ஸுல அடிபட்டதுன்னு வாயத் தொறந்து சொல்லித்தான் குடுக்கிறேன். இத என்னன்னு சொல்லிக் குடுக்க?"

"சொல்லாட்டி யாருக்குத் தெரியப்போகுது?"

"எறும்புக்குத் தெரிஞ்சிருக்கே" என்றாள்.

அவன் பாதிச் சோற்றோடு எழுந்து கைகழுவினான். முனீஸ்வரிக்குப் புருஷன்மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த முகம் நினைவுக்கு வந்தது. அவன் சொல்வதில் பொய் இல்லை. அவள் வாய் திறந்தால் அண்ணனும் தம்பியும் மறுபடி மாட்டோடு பேச வேண்டியதுதான். வாய் திறக்காவிட்டால், எறும்பை மிதிக்காமல் நடக்கிற ஒருத்தியின் வீட்டுச் சுவரில் அவள் பொய் தொங்கும்.

மேசைக்குப் போனாள். ஈரத்துணியை வானத்தின்மேல் ஒற்றினாள். வேலம்பிசின் தண்ணீரில் இளகிவிடும். ஒரு மாதமாக ஒட்டிய மஞ்சள் சிறகுகளை முள்வாங்கியால் ஒன்று ஒன்றாக உரித்தாள். சில கிழிந்தன. சிலவற்றின் பொடி மட்டும் அட்டையில் மஞ்சள் கறையாகத் தங்கியது. அதைத் துடைக்கும்போது அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, மறைப்பானேன். அவ்வளவு அழகாக வந்திருந்த வானம்.

கொஞ்ச நேரம் கழித்து கமலக்கண்ணன் வந்தான். அட்டையின் மறுபக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டான்.

வெயில் சாய்கிற நேரத்தில் உரிக்கிற வேலை முடிந்தது. மலை மட்டும் நின்றது, மேலே வெறும் அட்டை.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கமலக்கண்ணன் பழக்கதோஷத்தில் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினான். பொன்னுச்சாமி ஆமணக்கிலையில் எதையோ பொதிந்து ஏந்திக்கொண்டு வந்தார். பெட்டி இங்கேயே இருந்ததால் இன்றைய பூச்சிகளை இலையில் கொண்டு வந்திருந்தார். மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னத்தா, வானத்தக் காணோம்?"

முனீஸ்வரி மறுபடி ஒரு தடவை யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். யோசிக்கவில்லை.

"நீங்க கொண்டு வந்த பூச்சி தானாச் சாகல பெரியத்தான்" என்றாள்.

அவர் முகம் மாறியது. "நான் ஒன்னக்கூடப் பிடிக்கல. வேலையாளுககிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், எவளும் பட்டாம்பூச்சி மேல கை வைக்கப்படாதுன்னு. அருகில பறந்தாக்கூட ஒதுங்கித்தான் பூவெடுக்கிறாக."

அது சத்தியமான வார்த்தை என்று அவளுக்குத் தெரியும். அவள் சட்டத்தை அவரைப் போல யாரும் காப்பாற்றியதில்லை. மருந்துப் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, பட்டாம்பூச்சியைத் தொடாதே என்று ஆட்களை அதட்டியிருக்கிறார்.

"பிடிக்கலன்னு எனக்குத் தெரியும். மருந்துதான் கொன்னுருக்கு."

"மருந்து புழுவுக்குல்லத்தா அடிச்சேன்."

அவள் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து அவர் முன்னால் வைத்து, பூச்சிகளை ஒதுக்கி, அடியில் கிடந்த எறும்புகளைக் காட்டினாள். கதவுக்குப் பின்னால் கமலக்கண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணன் கத்துவார், இலையை வீசிவிட்டுப் போவார் என்று இரண்டு பேருமே எதிர்பார்த்தார்கள்.

பொன்னுச்சாமி கத்தவில்லை. இலையை மெதுவாக மேசைமேல் வைத்தார். பெட்டிக்குள் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் விரல்களை மூக்கருகே கொண்டு போய் மோந்து பார்த்தார்.

"தின்ன வந்த எறும்பா?"

"ஆமா பெரியத்தான்."

"வாயி வச்சதும் செத்துருச்சா?"

அவள் தலையாட்டினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ குமட்டுகிற சத்தம் கேட்டது. பாண்டிச்செல்வி சாக்கடை ஓரம் உட்கார்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். சுப்புத்தாய் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, பொம்பளப்புள்ளதான், சந்தேகமே இல்லை என்று சொல்வது தெளிவாகக் கேட்டது.

பொன்னுச்சாமி திரும்பி முனீஸ்வரியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

"பூ நூலப் பல்லுல கடிச்சுக்கிட்டுத்தானத்தா கட்டுது அந்தப் புள்ள? ஏழாம் மாசத்துல மசக்கை உண்டா?"

முனீஸ்வரி காலையில் வேம்படியில் அந்தப் பெண்ணை எதிரிலேயே பார்த்தாள். செடிக்கு அடியில் கிடந்த பூச்சியைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு இது தெரியவில்லையே.

பொன்னுச்சாமி வாசலுக்குப் போய் உரக்கக் கூப்பிட்டார்.

"ஏலே, கண்ணா!"

தொழுவத்தில் மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. அந்தக் குரல் வந்தால் தனக்குத்தான் என்று அது மூன்று வருஷமாகப் பழகியிருந்தது.

கமலக்கண்ணன் கதவுக்குப் பின்னால் இருந்து வந்தான். சின்ன வயசில் கூப்பிட்ட பேர்.

"முத்துச்சாமி மெட்டடாரு பூ ஏத்த வந்து நிக்குது. அவன் ஓட்டுனா மெதுவாப் போவான். நீ ஓட்டு. பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்."

"எடுத்துட்டு வாரேன்ணே" என்று சொல்லிக்கொண்டே அவன் ஓடினான். அண்ணனும் தம்பியும் மூன்று வருஷத்துக்குப் பிறகு பேசிக்கொண்டது இவ்வளவுதான். அதில் சந்தோஷப்பட யாருக்கும் அப்போது நேரமில்லை.

வண்டியில் ஏற்றியிருந்த பூச் சாக்குகளை இறக்கி வாசலோரம் அடுக்கினார்கள். நாளைக் காலை திண்டுக்கல் சந்தைக்குப் போக வேண்டிய செவ்வந்தி. சுப்புத்தாய்க்கு ஒன்றும் புரியவில்லை, சாதாரண வாந்திக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்டுக்கொண்டே மகளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். பாண்டிச்செல்வி வெளிறிப்போயிருந்தாள். தலை நிறையச் செவ்வந்தி.

முனீஸ்வரி கிட்டே போய் அந்தப் பூவில் கையை வைத்தாள். சுப்புத்தாய் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"என்னடி செய்யிற? மாசமா இருக்கிறவ தலையில இருந்து பூவ எடுக்கிறவளா நீ?"

எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணும் செய்யத் துணியாத காரியம் அது. முனீஸ்வரியின் கை அப்படியே நின்றது. வண்டிக்குள் பாதி ஏறியிருந்த பொன்னுச்சாமி திரும்பினார். ஆயுசு முழுக்கப் பூ விற்றே பிழைத்த மனிதர்.

"எடு ஆத்தா" என்றார். "எடுத்துரு."

சுப்புத்தாயின் பிடி தளர்ந்தது. முனீஸ்வரி, முடி இழுபடாமல், ஊசியைக் கழற்றிப் பூவை எடுத்தாள். பாண்டிச்செல்வி குழந்தை மாதிரி தலையைக் குனிந்து கொடுத்தாள்.

"பெட்டியக் குடு" என்றார் பொன்னுச்சாமி. அவள் ஓடிப்போய் வெற்றிலைப் பெட்டியைக் கொண்டு வந்தாள். அவர் அதை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "டாக்டரு கேட்டா வாயால சொல்ல எனக்கு வராது. இதத்தான் காட்டணும். கண்ணா, போற வழியில தோட்டத்துல நிறுத்து, மருந்து டப்பாவையும் எடுத்துக்கிருவம்."

வண்டி கிளம்பியது. தெருமுனை திரும்புகிற வரை அவர் தம்பிக்குப் பக்கத்து இருக்கையில், பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

வளவு அமைதியாகிவிட்டது. பூ ஏற்ற வந்திருந்த எடுப்பாட்களில் ஒருத்தி சாக்குகளைக் காட்டி, "இத என்னக்கா செய்ய? ராத்திரி வேற வண்டி சொல்லி அனுப்பவா?" என்று கேட்டாள். முனீஸ்வரி அவளை இருக்கச் சொல்லிக் கைகாட்டினாள். விடிந்தால் மைதீன் பிச்சை வந்துவிடுவார். உள்ளே வானமில்லாத மலை கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் என்ன சொல்லப்போகிறார்களோ. எல்லாவற்றையும்விட முதலில் கையில் இருக்கிற இந்தப் பூவை எங்கேயாவது போட வேண்டும்.

குப்பையில் போட்டால் கோழி கிளறும். கிணற்றில் போட முடியாது. வாசலில் போட்டால் யாராவது பிள்ளைகள் எடுத்து வைத்துக்கொள்ளும். பூவை ஏந்திக்கொண்டு தொழுவத்துப் பக்கம் நடந்தாள்.

மாடு கழுத்தை நீட்டி, நாக்கைச் சுழற்றிப் பூவுக்கு வந்தது. முனீஸ்வரி சட்டென்று பின்வாங்கி, கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.